2 அங்குல சக்ஷன் ட்ரெட்ஜ்: பெட்டியில் தொடங்கி எஞ்சினில் முடியும் முழுமையான வழிகாட்டி

எங்கள் வீடு பெங்களூரு ராமமூர்த்தி நகரில். அப்பா கோலார் தங்கவயலில் வேலை பார்த்தவர். 2001-ல் சுரங்கத்தை மூடிய பிறகு குடும்பத்தோடு இங்கே வந்துவிட்டோம். அப்பாவுக்குத் தெரிந்ததெல்லாம் பூமிக்கு அடியில் பாறைக்குள் இருக்கும் தங்கம். ஆற்று மணலில் பொடியாகக் கிடக்கும் தங்கத்தை எப்படிப் பிடிக்கிறார்கள் என்பது அவருக்கே புதிது. அதைக் கையால் செய்து பார்த்துப் புரிந்துகொள்ளத்தான் நாங்கள் இருவரும் சக்ஷன் ட்ரெட்ஜ், அதாவது மணலைத் தண்ணீரோடு உறிஞ்சித் தங்கத்தைப் பிரிக்கும் இயந்திரம், கட்டத் தொடங்கினோம். முதலில் கட்டியது மணலை உறிஞ்சவே இல்லை. இரண்டாவது நன்றாக வேலை செய்கிறது.

முதல் முறை நான் பம்பை வாங்கிவிட்டு, அதற்கேற்ப மற்றதையெல்லாம் பொருத்தப் பார்த்தேன். அது தலைகீழ் வழி. தங்கத்தைப் பிடிப்பது பம்பு அல்ல, மணலும் தண்ணீரும் ஓடும் ஸ்லூஸ் பெட்டி. பெட்டிக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்று முதலில் முடிவு செய்ய வேண்டும். அந்தத் தண்ணீரை எந்த ஜெட் (தண்ணீரைப் பீய்ச்சும் முனை) தரும், அந்த ஜெட்டுக்கு எவ்வளவு அழுத்தம் வேண்டும், அந்த அழுத்தத்தை எந்தப் பம்பு தரும் என்று பின்னோக்கிப் போக வேண்டும். கீழே எல்லாம் அந்த வரிசையில்தான் இருக்கிறது.

முதலில் சட்டம்

இதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். இந்தியாவில் தங்கம் ஒரு முக்கியக் கனிமம். 1957-ஆம் ஆண்டின் சுரங்கங்கள், கனிமங்கள் சட்டத்தின் 4-ஆம் பிரிவுப்படி, உரிமம் இல்லாமல் யாரும் கனிமம் தேடவும் கூடாது, எடுக்கவும் கூடாது. மீறினால் 21-ஆம் பிரிவில் 5 ஆண்டு வரை சிறையும், ஹெக்டேருக்கு 5 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. பொழுதுபோக்குக்காகச் செய்தேன் என்பதற்கு அதில் இடமில்லை. ஆகவே இந்த இயந்திரத்தை எந்த ஆற்றிலும் ஏரியிலும் இறக்காதீர்கள். நாங்கள் எங்கள் வீட்டுப் பின்புறம் இரண்டு தொட்டி வைத்து, கடையில் வாங்கிய மணலில் ஈயத் துண்டுகளைக் கலந்து ஓட்டுகிறோம். கற்றுக்கொள்ள அதுவே போதும்.

வெளிநாட்டில் இருக்கும் உறவினருக்காகக் கட்டுகிறவர்களும் அந்த ஊர்ச் சட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். கலிஃபோர்னியாவில் 2009-ல் சக்ஷன் ட்ரெட்ஜுக்குத் தடை போட்டார்கள். நியூசிலாந்தில் பொதுமக்களுக்கென ஒதுக்கிய பொன் தேடும் இடங்களில் கைக்கருவி மட்டும்தான். அலாஸ்காவில் அனுமதி வாங்கி ஓட்டலாம். மீன் முட்டையிடும் காலத்தில் ஆற்றின் அடிமணலைக் கிளறினால் முட்டைகள் அழியும் என்பதுதான் இந்தக் கட்டுப்பாடுகளுக்கு முக்கியக் காரணம். நியாயமான காரணம்.

இன்னொன்று. நான் ட்ரெட்ஜ் கட்டுகிறேன் என்று தெரிந்ததும் சொந்தக்காரர்கள் எல்லோரும் கேட்டது, "தங்கவயல் சயனைடு மேட்டுல போட்டுப் பாக்கலாமே?" என்றுதான். கூடாது. அது அரசு நிறுவனத்தின் சொத்து. தவிர, அது பாறையை மாவாக அரைத்து, சயனைடு கரைசலில் தங்கத்தை எடுத்த பிறகு கொட்டிய மண். அதில் மிச்சமிருப்பது கண்ணுக்கே தெரியாத துகள். ட்ரெட்ஜ் பிடிப்பது மழையும் ஆறும் பாறையிலிருந்து பிரித்துக் கொண்டுவந்து சேர்த்த குருணையையும் தகட்டையும். 1802-ல் எல்லை அளக்க வந்த லெப்டினன்ட் ஜான் வாரன், இன்றைய தங்கவயலில் இருக்கும் மாரிக்குப்பம், உரிகம் பக்கத்து ஊர்க்காரர்கள் மண்ணை அலசிப் பொன் எடுத்ததை எழுதிவைத்தாரே, அந்த வேலையின் இயந்திர வடிவம்தான் இது.

எப்படி வேலை செய்கிறது

பலரும் நினைப்பதுபோல மணலும் கல்லும் பம்புக்குள் போவதில்லை. போனால் பம்பின் இம்பெல்லரும் (உள்ளே சுழலும் சக்கரம்) சீலும் ஒரே நாளில் போய்விடும். பம்பு சுத்தமான தண்ணீரை மட்டும் இழுத்து, அழுத்தத்தோடு ஒரு சிறிய ஜெட் வழியாகப் பெரிய குழாய்க்குள் பீய்ச்சுகிறது. அந்த வேகமான நீர் குழாயில் இருக்கும் தண்ணீரைத் தன்னோடு இழுத்துக்கொண்டு போக, பின்னால் அழுத்தம் குறைகிறது. அந்த இழுப்பில் சக்ஷன் ஹோஸ் வழியாக மணலும் கல்லும் ஏறி, ஜெட் தண்ணீரோடு சேர்ந்து ஸ்லூஸ் பெட்டியில் விழுகின்றன. பழைய வீடுகளில் ஆழக் கிணற்றுக்கு ஜெட் பம்பு போட்டிருப்பார்களே, அதே தத்துவம்தான்.

பெட்டியில் நடப்பது எடையின் விளையாட்டு. தண்ணீரின் அடர்த்தியை 1 என்று வைத்தால் ஆற்று மணல் 2.65, கருமணல் சுமார் 5, ஈயம் 11.3, தங்கம் 19.3. தண்ணீருக்குள் மிதவை போக மிஞ்சுவதைப் பார்த்தால், மணல் 1.65, தங்கம் 18.3. அதாவது ஒரே அளவுள்ள மணலைவிடத் தங்கம் 11 மடங்கு கனம். மணலைத் தள்ளிக்கொண்டு போகும் அளவுக்கு வேகம், தங்கத்தைத் தள்ள முடியாத அளவுக்கு நிதானம். இந்த இரண்டுக்கும் நடுவே தண்ணீரை நிறுத்துவதுதான் முழு வேலையும்.

எந்த அளவு

ட்ரெட்ஜின் அளவு என்றால் சக்ஷன் ஹோஸின் உள்விட்டம். 2 அங்குலம் ஒரு ஆள் தூக்கிப் போகலாம். 4 அங்குலத்தில் வாய்ப் பரப்பு நான்கு மடங்கு, அதற்கேற்ற எஞ்சின், மிதவை, பெட்டி எல்லாம் பெருத்து இரண்டு மூன்று பேர் வேலையாகிவிடும். முதல்முறை கட்டுகிறவர்களுக்கு 2 அங்குலம்தான், வேறு யோசனையே வேண்டாம். கீன், ப்ரோலைன் போன்ற அமெரிக்க நிறுவனங்கள் தயாராகவே விற்கின்றன. அங்கே இருப்பவர்கள் வாங்குவதே நல்லது. இங்கே வரவழைத்தால் கப்பல் கூலியும் சுங்கமும் சேரும். அதோடு, கட்டும்போது கற்றுக்கொள்வது வாங்கினால் கிடைக்காது.

படி 1: ஸ்லூஸ் பெட்டி

2 மி.மீ. அலுமினியத் தகட்டில் 25 செ.மீ. அகலம், 1 மீட்டர் நீளம், 15 செ.மீ. உயரமுள்ள திறந்த வாய்க்கால் ஒன்று. பெங்களூரின் பீனியா தொழிற்பேட்டையில் தகடு வெட்டி வளைத்துக் கொடுக்கும் பட்டறைகள் நிறைய. அளவை மட்டும் சரியாக வரைந்து கொண்டுபோங்கள். நாங்கள் மகாதேவபுரம் பக்கம் ஒரு பட்டறையில் செய்தோம். அங்கே வெல்டிங் செய்கிறவர் தினமும் மாரிக்குப்பம் ரயிலில் வந்து போகிறவர். இது எதற்கு என்று சொன்னதும், அப்பாவிடம் அரை மணி நேரம் எந்த ஷாப்டில் வேலை பார்த்தீர்கள் என்று பேசிவிட்டுத்தான் வேலையைத் தொடங்கினார். வெல்டிங்கும் அழகாக வந்தது.

பெட்டியின் தலையில் விசிறி போல விரியும் ஒரு பகுதி வேண்டும். 2 அங்குலக் குழாயிலிருந்து சீறி வரும் தண்ணீர் நேராகப் பெட்டியில் விழுந்தால், நடுவில் மட்டும் அரித்துக்கொண்டு ஓடிவிடும். விரிந்து, வேகம் தணிந்து, முழு அகலத்துக்கும் சமமாகப் பரவ வேண்டும். 30 செ.மீ. நீளத்தில் படிப்படியாக விரிந்தால் போதும். அதன் கீழே, பெட்டியின் முதல் 30 செ.மீ.க்கு மேலாக 10 மி.மீ. துளையுள்ள தகடு ஒன்றைச் சற்று உயர்த்திப் பொருத்துங்கள். பெரிய கற்கள் அதன் மேலே உருண்டு போய்விடும், பொடி மட்டும் கீழே இறங்கி நிதானமான தண்ணீரில் படியும்.

பெட்டியின் தரையில் மூன்று அடுக்கு. அடியில் கார் தரைக்குப் போடும் நாரும் சுருளுமான மேட். வீட்டு வாசலில் போடும் நூடுல்ஸ் மேட்டும் ஆகும், ஆனால் அடியில் ரப்பர் ஒட்டாத வகையாகப் பாருங்கள், அப்போதுதான் அலசுவது எளிது. அதன் மேல் சாய்ந்த கண்கள் உள்ள எக்ஸ்பாண்டட் மெட்டல், அதாவது ஜன்னலுக்கும் மெஷின் கவருக்கும் போடும் வைர வடிவ இரும்பு வலை. அதற்கும் மேல் ரிஃபிள், அதாவது தண்ணீருக்குக் குறுக்கே நிற்கும் தடுப்புப் பட்டைகள். 20 மி.மீ. உயரம், 4 செ.மீ. இடைவெளி, மேல் நுனி ஓட்டத்தின் போக்கில் சற்றே சாய்ந்திருக்க வேண்டும். ஒவ்வொரு பட்டைக்குப் பின்னாலும் தண்ணீர் சுழன்று ஒரு சிறு பள்ளத்தை உண்டாக்கும். லேசான மணல் அந்தச் சுழலில் எழும்பிப் போய்விடும், கனமானது வலைக்குள் இறங்கி மேட்டில் சிக்கும். மூன்று அடுக்கும் ஒன்றோடொன்று இறுக்கமாக உட்கார வேண்டும். வலைக்கும் மேட்டுக்கும் நடுவே இடைவெளி இருந்தால் தண்ணீர் அடியில் புகுந்து, பிடித்ததையெல்லாம் கழுவிவிடும். இரண்டு பக்கமும் கொக்கி வைத்து அழுத்திவிடுங்கள்.

சாய்வு: 1 மீட்டர் நீளத்துக்கு 8 செ.மீ. இறக்கம். இது தொடக்க அளவு மட்டுமே. அதனால் முன்கால்களில் நீளமான போல்ட் வைத்து ஏற்றி இறக்கும்படி செய்யுங்கள்.

படி 2: தண்ணீர்க் கணக்கு

25 செ.மீ. அகலப் பெட்டியில் 3 செ.மீ. ஆழத்துக்குத் தண்ணீர் நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் ஓட வேண்டும் என்று வையுங்கள். 0.25 × 0.03 × 1 = 0.0075 கன மீட்டர். நொடிக்கு 7.5 லிட்டர், நிமிடத்துக்கு 450 லிட்டர். இதில் பாதியை ஜெட் தரும், பாதி சக்ஷன் ஹோஸ் வழியாக வரும் என்று எடுத்துக்கொள்ளலாம். ஆக ஜெட்டுக்கு நிமிடத்துக்கு 225 லிட்டர் வேண்டும். மற்ற 225 லிட்டர் 2 அங்குல ஹோஸில் ஓடும்போது வேகம் நொடிக்கு 1.9 மீட்டர் வருகிறது. கூழாங்கல்லைத் தூக்கிவர அது போதும்.

படி 3: ஜெட்டும் பம்பும்

என் முதல் தோல்வி இங்கேதான். கடையில் "நிறைய தண்ணி வேணும்" என்று கேட்டேன். தாராளமாகத் தண்ணீர் கொட்டும் 3 அங்குல பம்பைக் கொடுத்தார்கள். அதன் அதிகபட்ச ஹெட், அதாவது தண்ணீரை ஏற்றக்கூடிய உயரம், வெறும் 12 மீட்டர். வயலுக்கு நீர் பாய்ச்ச அருமையான பம்பு, ஜெட்டுக்கு உதவாது. ஜெட்டில் நீர் வரும் வேகம் ஹெட்டின் வர்க்க மூலத்தைப் பொறுத்தது. ஜெட்டில் 20 மீட்டர் ஹெட் கிடைத்தால் நொடிக்குச் சுமார் 20 மீட்டர் வேகம். 8 மீட்டர் ஹெட்டில் 12.5 மீட்டர்தான். இழுக்கும் சக்தி வேகத்தின் வர்க்கத்தோடு போவதால், பாதிக்கும் கீழே இறங்கிவிடுகிறது. எங்கள் ஹோஸ் தண்ணீரை மட்டும் மெதுவாக இழுத்தது, மணல் அசையவில்லை.

பம்பு வாங்கும்போது முதலில் ஹெட்டைப் பாருங்கள். அதிகபட்ச ஹெட் 30 மீட்டருக்குக் குறையக் கூடாது. நிமிடத்துக்கு 225 லிட்டர் ஓடும்போது எவ்வளவு ஹெட் மிஞ்சுகிறது என்று அதன் வரைபடத்தில் பாருங்கள். 20 மீட்டர் இருந்தால் அதுதான் உங்கள் பம்பு. தோட்டத்துக்கு விற்கும் 2 அங்குல பெட்ரோல் பம்புகளிலேயே இது கிடைக்கும். பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேலே இருக்கிறது. காற்று அடர்த்தி குறைவதால் எஞ்சின் சக்தியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு போய்விடும். அதனால் கணக்குக்கு மட்டும் சரியாக வரும்படி வாங்காமல் ஒரு படி பெரியதாக எடுங்கள்.

ஜெட்டின் துளை 16 மி.மீ. 20 மீட்டர் ஹெட்டில் இதுதான் நிமிடத்துக்கு 225 லிட்டரை விடும். துளையைப் பெரிதாக்கினால் இழுப்பு கூடும் என்று தோன்றும். 22 மி.மீ. ஆக்கினால் அதே ஹெட்டுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு தண்ணீர் கேட்கும். பம்பால் கொடுக்க முடியாது, அழுத்தம் படுத்துவிடும். லேத் பட்டறையில் 14, 16, 18 மி.மீ. என்று மூன்று பித்தளை முனைகள் திருகுமறையோடு கடைந்து வாங்கிக்கொள்ளுங்கள். மாற்றி மாற்றிப் பார்ப்பது சுலபம்.

ஜெட் குழாய் பெரிய குழாயோடு சேரும் கோணம் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. 30 டிகிரிக்கு மேல் போக வேண்டாம். ஜெட்டின் முனை உள்ளே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது, முதல் கல்லே அங்கே மாட்டும். ஜெட்டுக்கு அப்புறம் குறைந்தது 40 செ.மீ. நேர்க்குழாய் விடுங்கள், இரண்டு நீரும் கலந்து ஒரே வேகத்துக்கு வர அந்த நீளம் வேண்டும்.

படி 4: ஹோஸ், வாய், மிதவை

சக்ஷன் ஹோஸ் உள்பக்கம் வழுவழுப்பாக இருக்க வேண்டும். வெளியே வரி இருக்கலாம், உள்ளே வரி இருந்தால் கல் தட்டித் தட்டி அடைக்கும். 3 மீட்டர் போதும். ஹோஸின் முனையில் வரும் உலோக வாயில் 38 மி.மீ. வளையம் ஒன்றை வெல்டிங் செய்யுங்கள். வாய்க்குள் நுழைகிற கல் எதுவும் அதன் பின்னால் இருக்கும் 50 மி.மீ. ஹோஸில் மாட்டக் கூடாது, அதற்காகத்தான் அது. இந்தச் சின்ன வளையத்தை விட்டுவிட்டால் பாதி நேரம் அடைப்பு எடுப்பதிலேயே போய்விடும்.

பம்பின் இழு குழாய்க்குப் புட் வால்வும் (தண்ணீரைத் திரும்ப இறங்க விடாத வால்வு) சல்லடையும் கட்டாயம். இணைப்புகளில் இம்மியளவு காற்று புகுந்தாலும் பம்பு தண்ணீரைப் பிடிக்காது. தண்ணீர் இல்லாமல் ஒரு நிமிடம் ஓடினால்கூட சீல் கருகிவிடும், அதனால் பம்பை நிரப்பிவிட்டுத்தான் எஞ்சினை இழுங்கள்.

தொட்டியில் மட்டும் ஓட்டுகிறவர்களுக்கு மிதவை தேவையில்லை. வேண்டும் என்றால், 160 மி.மீ. பிவிசி குழாய் 2 மீட்டர் நீளத்தில் இரண்டு, இரு முனையும் மூடியால் அடைத்து ஒட்டியது. ஒவ்வொன்றும் 40 லிட்டர் நீரை விலக்கும், இரண்டும் சேர்ந்து 80 கிலோவைத் தாங்கும். எல்லா எடையும் சேர்ந்து அதில் பாதிக்குள் நின்றால் ஆடாமல் மிதக்கும்.

படி 5: தொட்டி

500 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி இரண்டு. முதல் தொட்டியில் அரை அடி மணல். சக்ஷன் வாய் அதில்தான் உறிஞ்சும், பெட்டியின் வாலும் அதிலேயே கொட்டும். ஜெட் இருக்கும் பகுதி இந்தத் தொட்டியின் நீர்மட்டத்துக்குக் கீழே மூழ்கியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் காற்றை இழுக்கும். முதல் தொட்டியின் மேல் விளிம்புக்கு அருகே 4 அங்குலக் குழாய் வைத்து வழியும் தண்ணீரை இரண்டாவதுக்கு விடுங்கள். பம்பு இரண்டாவது தொட்டியிலிருந்து மட்டுமே எடுக்க வேண்டும். இந்தப் பிரிவினை இல்லாமல் ஒரே தொட்டியில் ஓட்டினால் மணல் பம்புக்குப் போய்விடும்.

2024 மார்ச்சில் இங்கே தண்ணீர்த் தட்டுப்பாட்டில் குடிநீரால் வண்டி கழுவினாலே 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்தார்கள். அந்த நினைவு எங்களுக்கு இன்னும் போகவில்லை. மழைநீர்த் தொட்டியிலிருந்து ஒருமுறை நிரப்பினோம், அதே தண்ணீர்தான் மாதக்கணக்கில் சுற்றிச் சுற்றி ஓடுகிறது.

பெட்ரோல் எஞ்சினைத் திறந்தவெளியில் மட்டும் ஓட்டுங்கள். ஷெட்டுக்குள்ளோ கார் நிறுத்தும் இடத்திலோ ஓட்டினால் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு ஆளைச் சத்தமில்லாமல் சாய்த்துவிடும். காதுக்கு அடைப்பான். ஓடும்போது சக்ஷன் வாயில் கை வைக்கக் கூடாது, குழந்தைகளை அந்தப் பக்கமே விடாதீர்கள்.

படி 6: அளந்து சரிசெய்தல்

சக்ஷன் வாயைத் தட்டையான பலகையால் மூடிவிட்டு, வெளியே வரும் நீரை 20 லிட்டர் வாளியில் பிடித்து நொடி எண்ணுங்கள். 5 நொடியை ஒட்டி நிரம்பினால் ஜெட் சரி. பலகையை எடுத்துவிட்டு மறுபடி பிடியுங்கள். நேரம் பாதியாகக் குறைந்தால் இழுப்பும் சரி. குறையவில்லை என்றால் முனையை மாற்றுங்கள், அல்லது காற்று எங்கே புகுகிறது என்று தேடுங்கள்.

அப்புறம் மணலை ஓட்டிப் பெட்டியைப் பாருங்கள். ரிஃபிளுக்குப் பின்னால் மணல் பொங்கிப் பொங்கிக் குதித்துக்கொண்டிருக்க வேண்டும். பட்டைகளுக்கு நடுவே மணல் நிரம்பிக் கெட்டிப்பட்டால் சாய்வைக் கூட்டுங்கள். தரை மேட் பளிச்சென்று தெரிந்தால் வேகம் அதிகம், சாய்வைக் குறையுங்கள். ஒரு தடவைக்கு 5 மி.மீ. மட்டும். நான் அவசரப்பட்டு 2 செ.மீ. மாற்றி, சரியான இடத்தை இரண்டு பக்கமும் தாண்டித் தாண்டி ஒரு ஞாயிற்றுக்கிழமையை முழுசாகக் கழித்தேன்.

படி 7: ஈயத் தேர்வு

தூண்டில் சாமான் கடையில் கிடைக்கும் சின்ன ஈயக் குண்டுகள் 50 வாங்கி, சுத்தியலால் தட்டித் தகடாக்கி, சிவப்பு நகப்பூச்சு அடியுங்கள். குண்டாகவே போடாதீர்கள். ஆற்றுத் தங்கம் பெரும்பாலும் தட்டையாக இருக்கும், தட்டையானது தண்ணீரில் எளிதாக அடித்துக்கொண்டு போகும். தங்கத்தைவிட லேசான ஈயத்தைப் பெட்டி பிடித்தால், அதே வடிவத் தங்கத்தை நிச்சயம் பிடிக்கும். ஈயத்தைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் சாப்பிட வேண்டும்.

50 துண்டையும் மணலில் கலந்து, பத்து வாளி மணலை உறிஞ்சவிடுங்கள். நிறுத்திய பிறகு மேட்டை மூன்று பங்காக, தலை, நடு, வால் என்று தனித்தனி வாளியில் அலசி எண்ணுங்கள். தலைப் பங்கிலேயே பெரும்பாலானவை இருக்க வேண்டும். வால் பங்கில் நாலைந்து கிடைத்தாலே, அதைத் தாண்டி வெளியேயும் போயிருக்கிறது என்று அர்த்தம்.

அலசியதைத் தட்டில் சுழற்றிப் பிரிப்பது தனிப் பழக்கம். காந்தத்தைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கருமணலில் ஓட்டினால் இரும்புத் தாது ஒட்டிக்கொள்ளும். மெல்லிய தகடுகள் நீரின் மேல் மிதந்தால் ஒரு சொட்டு பாத்திரம் தேய்க்கும் சோப்பு விடுங்கள், மூழ்கிவிடும். பாதரசம் போட்டுச் சேர்க்கும் பழைய வழியை மட்டும் யார் சொன்னாலும் கேட்காதீர்கள். அதன் ஆவி நரம்பையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும், ஒருமுறை மண்ணில் சேர்ந்தால் போகாது.

எங்கள் முதல் தேர்வில் 50-க்கு 31 திரும்ப வந்தது. சாய்வை ஒன்றரை செ.மீ. குறைத்து, மேட்டுக்குக் கொக்கிகளைக் கூட்டி அழுத்திய பிறகு 46. அப்பா அதோடு விடவில்லை. முதல் தொட்டியின் மணலை மூன்று நாள் மாலையில் முறத்தில் போட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகப் புடைத்து, காணாமல் போன நாலில் மூன்றைக் கண்டுபிடித்தார். மூன்றும் அரிசி நுனி அளவுக்கு மெல்லிசாகத் தட்டப்பட்டவை. அடுத்த தடவைக்கு வாலில் 20 செ.மீ. நீளத்துக்கு ரிஃபிள் இல்லாமல் வெறும் வலையும் மேட்டும் மட்டும் போட்டோம். 49 வந்தது.